மேப்பிள்வுட்: ரயிலடியில் வளர்ந்த ஊர்

எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று உறவினர்கள் கேட்டால் "நியூயார்க் பக்கம்" என்று சொல்லிவிடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. அதற்கு மேல் அவர்களும் கேட்பதில்லை. நியூயார்க் என்றதும் வானளாவிய கட்டடங்களும், எடிசன் நகரம் என்றதும் இந்தியக் கடைத்தெருவும் நம்மவர்களின் மனக்கண்ணில் வந்துவிடுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையில், காலையில் மக்களை ரயிலேற்றி அனுப்பி மாலையில் திரும்பப் பெற்றுக்கொள்ளும் நூற்றுக்கணக்கான சிற்றூர்கள் நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கின்றன. அவற்றுள் நான் வாழும் மேப்பிள்வுட்டைப் பற்றி விரிவாக எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்தது. பகலில் வேறொரு நகரத்தில் உழைத்துவிட்டு இரவில் உறங்குவதற்கு மட்டுமே வந்து சேரும் மனிதர்களால் ஓர் ஊரை ஊராக வைத்திருக்க முடியுமா என்ற கேள்விக்கு, இந்த இடம் தன்னால் இயன்ற அளவுக்கு ஒரு விடையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பது என் நம்பிக்கை.

எசெக்ஸ் கவுண்டியில், மன்ஹாட்டனுக்கு மேற்கே முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் மேப்பிள்வுட் இருக்கிறது. பரப்பளவு ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 25,684 பேர் வசிக்கிறார்கள். மேற்கு எல்லையில் சவுத் மவுண்டன் என்ற மலைத்தொடரின் சரிவு. அதன்மேல் 2,000 ஏக்கருக்கும் அதிகமாகப் பரந்திருக்கும் காப்புக்காடு. கிழக்கே ஸ்ப்ரிங்ஃபீல்டு அவென்யூ என்ற நெடுந்தெரு; அந்தத் தெருவிலேயே சென்றால் இர்விங்டனும், அதைத் தாண்டினால் நியூவர்க் மாநகரமும் வந்துவிடும். மலைச்சரிவில் பெரிய வீடுகள், சமதளத்தில் நடுத்தர வீடுகள், கிழக்கு எல்லையை நெருங்க நெருங்கச் சிறிய வீடுகளும் இரட்டைக் குடியிருப்புகளும் என்று, மேற்கிலிருந்து கிழக்காக ஒருமுறை நடந்தாலே ஊரின் பொருளாதார ஏற்றத்தாழ்வு முழுவதையும் பார்த்துவிடலாம். இதை இங்கேயே குறித்துவைக்கிறேன். பின்னால் சொல்லப்போகும் பள்ளிக்கூடப் பிரச்சினை இந்தச் சரிவிலிருந்துதான் பிறந்தது.

பழைய வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். இன்றைய ஊர்மையத்தைச் சுற்றியிருந்த குடியிருப்புக்கு ஜெஃபர்சன் வில்லேஜ் என்று பெயர். ஹட்சன் நதிப் பள்ளி என்று அழைக்கப்படும் நிலக்காட்சி ஓவியர்களில் முதன்மையானவரான ஆஷர் டுராண்ட் 1796இல் இங்கே பிறந்தார். கிழக்குப் பகுதியான ஹில்டன் ஒரு காலத்தில் ஸ்ட்ராபெரிப் பழங்களுக்குப் பெயர்பெற்றிருந்தது. நியூவர்க்கில் பேட்டன்ட் லெதர் என்ற பளபளப்புத் தோலையும் வார்ப்பிரும்பு நுட்பங்களையும் வளர்த்தெடுத்த சேத் பாய்டன் என்ற கண்டுபிடிப்பாளர், முதுமையில் ஹில்டனுக்கு வந்து பெரிய வகை ஸ்ட்ராபெரிகளைப் பயிர்செய்ததால் வந்த பெயர் அது. அவர் பெயரில் இன்றும் இங்கே ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. அதுவரை சவுத் ஆரஞ்ச் டவுன்ஷிப் என்று இருந்த பகுதி 1922இல்தான் மேப்பிள்வுட் டவுன்ஷிப் ஆனது. ஊரின் பல தெருக்களில் இன்று நாம் பார்க்கும் வீடுகள், செங்குத்தான கூரையும் மரச்சட்டம் பதித்த முகப்பும் கொண்டவை, அந்த 1920களின் கட்டுமான வேகத்தில் எழுந்தவையே.

இவையனைத்துக்கும் அடியில் தண்டவாளம் கிடக்கிறது. மோரிஸ் அண்ட் எசெக்ஸ் ரயில்பாதை 1830களிலேயே இந்த வழியாகப் போடப்பட்டுவிட்டது. பின்னர் லாக்கவானா நிறுவனத்தின் கைக்கு வந்த அந்தப் பாதைகள் 1930–31இல் மின்மயமாக்கப்பட்டன. ஹோபோக்கனிலிருந்து மான்ட்கிளேருக்குப் புறப்பட்ட முதல் மின்ரயிலை, 1930 செப்டம்பரில், தள்ளாத வயதிலிருந்த தாமஸ் எடிசன் தாமே இயக்கித் தொடங்கிவைத்தார். ஆனால் அதற்குப் பிறகும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இவ்வூர்க்காரர்கள் நேரடியாக மன்ஹாட்டனுக்குப் போக முடியவில்லை. ரயில் ஹட்சன் ஆற்றின் இக்கரையிலுள்ள ஹோபோக்கனில் நின்றுவிடும். அங்கே இறங்கிச் சுரங்க ரயிலையோ படகையோ பிடித்துத்தான் அக்கரை சேர வேண்டும். கீர்னி என்ற இடத்தில் இரண்டு பாதைகளை இணைக்கும் ஒரு சிறு இணைப்பு அமைக்கப்பட்டு, 1996 ஜூன் மாதம் மிட்டவுன் டைரக்ட் என்ற நேரடிச் சேவை தொடங்கியபோது எல்லாம் மாறியது. மேப்பிள்வுட்டில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள், இருக்கையை விட்டு எழாமலேயே, மன்ஹாட்டனின் நடுவிலுள்ள பென் ஸ்டேஷனில் இறங்கலாம் என்ற நிலை வந்தது.

அந்த ஒரு மாற்றம் ஊரின் தலையெழுத்தையே திருப்பியது என்று சொன்னால் மிகையில்லை. புரூக்ளினிலும் மன்ஹாட்டனிலும் சிறிய அடுக்ககங்களில் குழந்தைகளோடு நெருக்கியடித்துக்கொண்டிருந்த பத்திரிகையாளர்கள், நாடகக் கலைஞர்கள், வழக்கறிஞர்கள், வங்கி ஊழியர்கள் எல்லாரும் இங்கே வீடு தேடி வரத் தொடங்கினார்கள். வீட்டு விலை ஏறியது. தற்பால் இணையர்கள் பலர் குழந்தைகளோடு குடியேறினார்கள். வானவில் கொடி பறக்கும் வீடுகள் இல்லாத தெருவை இப்போது தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2018இல் வேலி ஸ்ட்ரீட்டில் ஒரு சந்திப்பின் நடைபாதைக் கோடுகளை வானவில் நிறங்களில் நிரந்தரமாகவே வரைந்துவைத்தார்கள்.

வார நாள் காலையில் நிலையத்துக்கு வந்து பார்த்தால் இந்த ஊரின் இயக்கம் புரியும். நடைமேடையில் மக்கள் பரவலாக நிற்பதில்லை. இங்கொரு கூட்டம், அங்கொரு கூட்டமாகத்தான் நிற்பார்கள். வண்டி நிற்கும்போது கதவு எந்த இடத்தில் வரும் என்பது அவர்களுக்குக் கால்பழக்கமாகத் தெரியும். பென் ஸ்டேஷனில் இறங்கும்போது எந்தப் பெட்டி எந்தப் படிக்கட்டுக்கு எதிரே நிற்கும் என்ற கணக்கும் அதில் சேர்ந்திருக்கிறது. கடைசிப் பெட்டிக்குப் போகிறவர் அமைதியை விரும்புகிறவர். நெரிசல் நேர வண்டிகளில் முதல் பெட்டியிலும் கடைசிப் பெட்டியிலும் கைப்பேசியில் பேசக்கூடாது என்பது விதி, அதை மீறுகிறவரைச் சக பயணிகளே ஒரு பார்வையில் அடக்கிவிடுவார்கள். முதுகில் மடிக்கணினிப் பையும் ஒரு கையில் காப்பிக் குவளையுமாக நிற்கும் ஒரு தந்தை, மறுகையால் தன் குழந்தையை நடைமேடையிலேயே மனைவியிடம் ஒப்படைக்கும் காட்சியை எந்த நாளும் பார்க்கலாம். ஒருவருக்கொருவர் பெயர் தெரியாமலேயே பல ஆண்டுகள் தலையசைத்துப் பழகிய முகங்கள் அங்கே இருக்கின்றன. யாராவது சில வாரங்கள் தொடர்ந்து வராவிட்டால், வேலை மாறியிருப்பாரோ, உடம்பு சரியில்லையோ என்று மனம் கேட்கிறது.

நிலையத்துக்குக் காரில் வந்து நிறுத்துவதற்கு இடம் கிடைப்பது பெரும்பாடு என்பதால், டவுன்ஷிப் என்ற ஊராட்சியே ஜிட்னி என்ற சிற்றுந்துகளை இயக்குகிறது. காலையும் மாலையும் குடியிருப்புத் தெருக்களைச் சுற்றிவந்து ரயில் நேரத்துக்கு ஏற்ப ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்கும் வண்டிகள் அவை. அமெரிக்கப் புறநகர் என்றாலே ஆளுக்கொரு கார் என்று நினைக்கும் நம் ஊர் வாசகர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே கடைத்தெரு. வில்லேஜ் என்றுதான் எல்லாரும் அதைச் சொல்வார்கள். புத்தகக் கடை, பழைய திரையரங்கு, ரொட்டிக் கடை, முடிதிருத்தகம், சில உணவகங்கள் என்று ஒரே மூச்சில் நடந்து முடித்துவிடக்கூடிய தெரு அது. பருப்பும் கறிவேப்பிலையும் வேண்டுமென்றால் மட்டும் எடிசனின் ஓக் ட்ரீ ரோட்டுக்குக் காரை எடுக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு வாழ்க்கையும் ஓர் ஒற்றைப் பாதையை நம்பியிருப்பதன் ஆபத்து அவ்வப்போது உறைக்கும். மன்ஹாட்டனுக்குள் நுழையும் எங்கள் வண்டிகள் அனைத்தும் ஹட்சன் ஆற்றுக்கு அடியில் 1910இல் திறக்கப்பட்ட இரண்டே குழாய்ச் சுரங்கங்கள் வழியாகத்தான் போயாக வேண்டும். 2012இல் சாண்டி புயலின்போது அவற்றில் உப்புநீர் புகுந்தது. அதன் அரிப்பு இன்றுவரை சுவர்களைத் தின்றுகொண்டிருக்கிறது. சுரங்கத்துக்கு முன்னால் ஹாக்கன்சாக் ஆற்றின்மேல் அதே காலத்தைச் சேர்ந்த போர்ட்டல் பாலம் இருக்கிறது. படகுகளுக்கு வழிவிடுவதற்காகத் திரும்பும் வகைப் பாலம் அது. திரும்பிய பாலம் மறுபடி சரியாகப் பொருந்தாமல் சிக்கிக்கொண்டால் அந்தக் காலை முழுவதும் ஆயிரக்கணக்கானோர் அங்கங்கே பெட்டிகளுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதற்கு மாற்றாக உயரமான புதிய பாலத்தின் கட்டுமானம் 2022இல் தொடங்கியது.

2017 கோடையில் பென் ஸ்டேஷனின் தண்டவாளங்களைப் பழுதுபார்ப்பதற்காக எங்கள் தடத்தின் வண்டிகளைத்தான் ஜூலை முதல் செப்டம்பர் தொடக்கம்வரை ஹோபோக்கனுக்குத் திருப்பிவிட்டார்கள். இருபது ஆண்டுகளாக மறந்துபோயிருந்த படகுப் பயணமும் சுரங்க ரயில் நெரிசலும் ஒரே நாளில் திரும்பி வந்தன. 2024 ஜூலையில் பயணக் கட்டணம் 15 சதவீதம் உயர்ந்தது. 2025 மே மாதம் நியூ ஜெர்சி ட்ரான்சிட் ரயில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1983க்குப் பிறகு நடந்த முதல் ரயில் வேலைநிறுத்தம் அது. மூன்றே நாள்தான் நீடித்தது என்றாலும், அந்த வெள்ளிக்கிழமை காலையில் வில்லேஜ் காப்பிக் கடையின் வழக்கமான வரிசை காணாமல் போயிருந்ததைப் பார்த்தபோது, ரயில் நின்றால் கடைத்தெருவும் சேர்ந்தே நின்றுவிடும் என்பது கண்முன் தெரிந்தது. பெருந்தொற்றுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்வோர் கூடிவிட்டதால் திங்களும் வெள்ளியும் நடைமேடையில் கூட்டம் குறைவு. வாரத்தின் நடு நாள்களில்தான் பழைய நெரிசலைக் காண முடிகிறது. அதனால் ஒரு நன்மையும் விளைந்தது. பகல் பொழுதில் ஊருக்குள் மனித நடமாட்டம் பெருகியிருக்கிறது.

இனிக் கூட்டு வாழ்க்கைக்கு வருகிறேன். நிலையத்தை ஒட்டியே மெமோரியல் பார்க் என்ற பூங்கா விரிந்திருக்கிறது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஓல்ம்ஸ்டெட்டின் மகன்கள் நடத்திய ஓல்ம்ஸ்டெட் பிரதர்ஸ் நிறுவனம் திட்டமிட்ட பூங்கா அது. ரயிலிலிருந்து இறங்குகிறவர் பூங்காவின் புல்வெளியைக் குறுக்கே கடந்து வீட்டுக்கு நடக்கலாம் என்பது இவ்வூரின் ஆகச்சிறந்த வசதி என்று நான் கருதுகிறேன். வேலையிலிருந்து வீடு என்ற பாதையில் பொதுவெளி ஒன்று கட்டாயமாகக் குறுக்கிடும்போது, மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்தே ஆகவேண்டியிருக்கிறது. நிலையத்திலிருந்து நேராகக் கார் நிறுத்துமிடம், அங்கிருந்து நேராக வீட்டுக் காரறை என்று அமைந்துவிட்ட ஊர்களில் இது வாய்ப்பதில்லை.

அதே பூங்காவில் ஜூலை 4 சுதந்திர தினத்தை ஊரே கூடிக் கொண்டாடும் வழக்கம் ஒரு நூற்றாண்டைக் கடந்துவிட்டது. காலையில் குழந்தைகளுக்கு ஓட்டப் பந்தயங்கள், பிற்பகலில் புல்வெளியிலேயே சர்க்கஸ், இருட்டியதும் வாணவேடிக்கை. அதே மாதத்தில் மேப்பிள்வுட்ஸ்டாக் என்ற இரண்டு நாள் இசைவிழாவும் நடக்கிறது. 2004இல் தொடங்கிய இவ்விழாவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். ஒருமுறை விழா முடிந்த இரவில் குப்பை அள்ளும் குழுவில் நானும் சேர்ந்துகொண்டேன். எனக்குப் பக்கத்தில் கையுறை மாட்டிக்கொண்டு, நெகிழிக் குவளைகளை ஒரு பையிலும் மிச்ச உணவை இன்னொரு பையிலுமாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த அம்மையார் மன்ஹாட்டனில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தின் பங்குதாரர் என்பது பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. மறுநாள் காலை வண்டிக்கு அவர் போயாக வேண்டும். "பகலெல்லாம் ஊரில் இல்லாதவள், இரவிலாவது ஊருக்கு உதவட்டுமே" என்றார். மேடை அமைப்பது, அனுமதி வாங்குவது, நன்கொடை திரட்டுவது, கடைசியில் புல்லைச் சுத்தம் செய்வது எல்லாம் இவர்களைப் போன்றவர்கள் தம் உறக்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்கும் நேரத்தில்தான் நடக்கின்றன.

ஊராட்சியும் அப்படித்தான். ஐந்து பேர் கொண்ட டவுன்ஷிப் கமிட்டியை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ஐவரும் தங்களுக்குள் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மேயர் பதவி முழுநேர உத்தியோகம் அல்ல. வேலி ஸ்ட்ரீட்டில் உள்ள டவுன் ஹாலில் மாலை வேளைகளில் கூட்டம் நடக்கும்போது, வாசிகள் ஒவ்வொருவராக ஒலிவாங்கிக்கு முன் வந்து, பெயரையும் தெருவையும் சொல்லிவிட்டு, கொடுத்த சில நிமிடங்களுக்குள் பேசிவிட்டுப் போகலாம். அங்கே பேசப்படும் விஷயங்கள் சிறியவை என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. இலைகளை ஊதித் தள்ளும் பெட்ரோல் இயந்திரங்களைத் தடைசெய்வதா என்ற விவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இலையுதிர் காலத்தில் அந்த இரைச்சல் காலை முதல் மாலைவரை காதைத் துளைக்கும். முதலில் கோடை மாதங்களுக்கு மட்டும் கட்டுப்பாடு, பிறகு 2023 முதல் ஆண்டு முழுவதற்குமான தடை என்று டவுன்ஷிப் போனது. தோட்டப் பராமரிப்பு நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. மின்கல இயந்திரங்களின் விலையும் வலுவும் போதாது என்ற அவர்கள் வாதத்திலும் நியாயம் இருந்தது. அந்தப் புகையை நாள் முழுவதும் சுவாசிக்கிறவர்கள் அந்நிறுவனங்களின் தொழிலாளர்கள்தான் என்ற எதிர்வாதத்தில் அதைவிடக் கூடுதல் நியாயம் இருந்தது. ஒரு சிற்றூர் கூடிப் பேசி இத்தகைய ஒரு முடிவுக்கு வர முடிகிறது என்பதை நான் மதிக்கிறேன்.

செலவையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவிலேயே சொத்து வரி மிக அதிகமான மாநிலம் நியூ ஜெர்சி. இவ்வூரில் பல வீடுகளுக்கு ஆண்டு வரி 20,000 டாலரை எட்டிவிடுகிறது. அதில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்குப் போகிறது. பிள்ளைகள் படித்து முடித்ததும் வீட்டை விற்றுவிட்டு வெளியேறும் குடும்பங்கள் பல. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களுக்கு வேறு வழியே இல்லாமல் போகிறது. அக்கம்பக்கத்து ஊரான சவுத் ஆரஞ்சோடு, பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பான பள்ளி மாவட்டத்தை மேப்பிள்வுட் நெடுங்காலமாகப் பகிர்ந்துகொள்கிறது. 2022இல் இரண்டு ஊர்களின் தீயணைப்புத் துறைகளும் ஒன்றாக இணைந்தன.

இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் படிக்கும் கொலம்பியா உயர்நிலைப் பள்ளி, கோபுரத்தோடு பார்ப்பதற்கே கம்பீரமாக இருக்கும். உலகெங்கும் இன்று ஆடப்படும் அல்டிமேட் என்ற தட்டெறி விளையாட்டு 1968இல் இப்பள்ளி மாணவர்கள் உருவாக்கியதுதான். பள்ளியின் கார் நிறுத்துமிடத்தில் இரவு விளக்கொளியில் ஆடி ஆடி விதிகளை வகுத்தார்கள். நடுவர் இல்லாமல், ஆடுகிறவர்களே தங்கள் தவறுகளை ஒப்புக்கொண்டு ஆடும் ஆட்டம் அது. லாரின் ஹில், சீசா போன்ற புகழ்பெற்ற இசைக்கலைஞர்கள் படித்ததும் இங்கேதான்.

ஆனால் அந்தப் பள்ளியின் வகுப்பறைகளுக்குள் நுழைந்தால்தான் ஊரின் கடினமான கேள்வி எதிரே வந்து நிற்கிறது. நியூவர்க்கைச் சுற்றியுள்ள பல புறநகர்களில் கறுப்பினக் குடும்பங்கள் குடியேறத் தொடங்கியதும் வெள்ளையர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். சில ஆண்டுகளிலேயே அவ்வூர்கள் முழுவதுமாக நிறம் மாறின. 1990களில் மேப்பிள்வுட்டுக்கும் சவுத் ஆரஞ்சுக்கும் அதே நிலை வரும் அறிகுறிகள் தெரிந்தன. வீட்டுத் தரகர்கள் வெள்ளையரை மலைப்பக்கமும் கறுப்பினத்தவரைக் கிழக்குப்பக்கமும் அழைத்துப்போவதாகப் புகார்கள் எழுந்தன. அப்போது இரண்டு ஊர்களிலும் இருந்த குடும்பங்கள் கூடி, இனங்களுக்கிடையிலான கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கின. வீடு வாங்க வருகிறவர்களை ஊரின் எல்லாப் பகுதிகளுக்கும் அழைத்துச் சென்று காட்டுவது, தரகர்களிடம் பேசுவது, தெருத்தெருவாக அண்டைவீட்டார் கூட்டங்கள் நடத்துவது என்று அது வேலை செய்தது, இன்றும் செய்கிறது. 2010 கணக்கெடுப்பில் மூவரில் ஒருவருக்குச் சற்று மேல் கறுப்பினத்தவராகவும், பாதிக்குச் சற்று மேல் வெள்ளையராகவும் இருந்த ஊர் இது. அமெரிக்கப் புறநகர்களில் இத்தகைய கலப்பு தானாக நிகழ்வதில்லை. யாரோ சிலர் முப்பது ஆண்டுகளாகத் தளராமல் உழைத்ததன் பயன் அது.

ஒரே ஊரில் வாழ்வதும் ஒன்றாக வாழ்வதும் வேறுவேறு என்பதைப் பள்ளி காட்டிக்கொடுத்தது. கடினமான பாடங்கள் கொண்ட மேல்தர வகுப்புகளில் வெள்ளை மாணவர்களும் சாதாரண வகுப்புகளில் கறுப்பின மாணவர்களும் மிகுந்திருந்தார்கள். கறுப்பின மாணவர்களுக்கு மேல்தர வகுப்புகளில் இடம் கிடைப்பதைச் சீர்செய்யுமாறு 2014இல் மத்திய கல்வித் துறையோடு பள்ளி மாவட்டம் ஓர் உடன்பாட்டுக்கு வர நேர்ந்தது. 2018இல் கறுப்பினப் பெற்றோர் அமைப்பு ஒன்று மாவட்டத்தின்மீது வழக்குத் தொடுத்தது. 2020இல் சமரசம் ஏற்பட்டது. அதன் விளைவாக, எந்தத் தெருவில் இருக்கிறாயோ அந்தத் தெருவுக்கு அருகிலுள்ள தொடக்கப் பள்ளி என்ற பழைய முறை 2021 முதல் படிப்படியாகக் கைவிடப்பட்டது. குடும்பங்களின் சமூக, பொருளாதார நிலை எல்லாப் பள்ளிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் கலந்திருக்கும்படி மழலை வகுப்பிலிருந்தே கணினிக் கணக்கின் வழியாக இடம் ஒதுக்குகிறார்கள்.

கொள்கையளவில் இதை எதிர்த்தவர்கள் குறைவு. நடைமுறையில் எழுந்த குமுறல் பெரிது. ஐந்து நிமிட நடையில் பள்ளி இருக்க, குழந்தையை ஊரின் மறுகோடிக்கு ஏன் அனுப்ப வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். இரண்டு மைலுக்குள் இருக்கும் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பேருந்து ஏற்பாடு செய்யும் கட்டாயம் மாநில விதிப்படி மாவட்டத்துக்கு இல்லை. காலை வண்டியைப் பிடிக்க வேண்டிய தாயும் தந்தையும் ஒன்றரை மைல் தொலைவிலுள்ள பள்ளியில் குழந்தையை விட்டுவிட்டு எப்படி நிலையத்துக்கு வந்து சேர்வது? சமத்துவம் பற்றிய ஒரு பெரிய கொள்கை, ரயில் நேரத்தின்மீது மோதும் இடம் இதுதான். இதைத் தீர்ப்பது கல்வி வாரியத்தின் பொறுப்பு என்று விட்டுவிடாமல், பல தெருக்களில் பெற்றோர் சேர்ந்து முறைவைத்துக் குழந்தைகளை அழைத்துப்போகிறார்கள். என் தெருவிலும் அந்த ஏற்பாடு இருக்கிறது; ஒரு காலையில் ஐந்து குழந்தைகளை நடத்திக் கூட்டிச் செல்லும்போது, அவர்கள் எந்தெந்த வீட்டைச் சேர்ந்தவர்கள் என்ற வேறுபாடெல்லாம் முதல் திருப்பத்திலேயே கரைந்துபோய் ஒரே இரைச்சலாகிவிடுகிறது. இந்தக் கொள்கையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். அதற்கான பேருந்துச் செலவையும் ஊர் ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறேன். ஜெஃபர்சன் பெயரில் இருந்த தொடக்கப் பள்ளிக்கு, கொலம்பியா பள்ளியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணான டீலியா போல்டனின் பெயரைச் சூட்டியது நல்ல செயல். குழந்தைகள் பள்ளிக்குப் போய்ச் சேரும் வழியை எளிதாக்குவது அதைவிட அவசரமான செயல்.

ஊர்த் திருவிழாவிலும் இந்தக் காயம் படாமல் இல்லை. 2016 ஜூலையில் வாணவேடிக்கை முடிந்த இரவில், கலைந்து சென்ற கறுப்பின இளைஞர் கூட்டத்தை ஊர்க் காவலர்கள் இர்விங்டன் பக்கமாகவே விரட்டினார்கள். அவர்களில் மேப்பிள்வுட் பிள்ளைகளும் இருந்தார்கள், அவர்கள் வீடுகள் எதிர்த்திசையில் இருந்தன. கறுப்பு முகம் என்றால் வெளியூர் என்று காவலர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். அடுத்த ஆண்டு ஒலி, ஒளிப் பதிவுகள் வெளியானபோது ஊர் கொதித்தது. டவுன்ஷிப் கமிட்டி காவல் தலைமை அதிகாரியைப் பதவி விலகக் கோரியது. பின்னர் அவர் பணியிலிருந்து விலகினார். எங்கள் புல்வெளிகளில் ஊன்றியிருக்கும் வரவேற்புப் பலகைகளை அந்த இளைஞர்கள் எத்தனை முறை கடந்து போயிருப்பார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இன்றைக்கு எனக்குப் பெரிய கவலை வீட்டு விலைதான். இன ஒருங்கிணைப்பை உழைத்துக் காத்த ஊரை, ரயில் கொண்டுவரும் பணமே இன்னொரு வகையில் கலைத்துக்கொண்டிருக்கிறது. ஹில்டன் பகுதியில் இரண்டு தலைமுறையாக இருந்த கறுப்பினக் குடும்பங்களின் வீடுகள் விற்பனைக்கு வரும்போது, கேட்ட விலைக்கு மேலே கொடுத்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து வருகிற வசதியான இளம் இணையர்கள். அவர்களை நான் குறைசொல்லவில்லை. நானும் அப்படி வந்தவன்தான். குறை, வீடுகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. 2010களில் வில்லேஜில் இருந்த பழைய அஞ்சலகத்தை இடித்துவிட்டுக் கடைகளோடு கூடிய அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் திட்டம் வந்தபோது, வில்லேஜின் அழகு கெட்டுவிடும் என்று பல ஆண்டுகள் எதிர்ப்பு நடந்தது. இறுதியில் கட்டடம் எழுந்தது. கடைத்தெருவுக்கு எந்தக் கேடும் வரவில்லை, மாலையில் அங்கே நடமாட்டம்தான் கூடியிருக்கிறது.

ஒவ்வோர் ஊரும் எளியோருக்கான குடியிருப்புகளில் தன் பங்கைக் கட்ட இடம்தர வேண்டும் என்று நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1975இல் மவுண்ட் லாரல் வழக்கில் தீர்ப்பளித்தது. அதன்படி இப்போது 2025 முதல் 2035 வரைக்கான நான்காம் சுற்றுக் கடமைகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. நிலையத்திலிருந்தும் ஜிட்னித் தடங்களிலிருந்தும் நடக்கும் தொலைவில் அந்த வீடுகள் வர வேண்டும், ஸ்ப்ரிங்ஃபீல்டு அவென்யூவின் ஓரத்தில் மட்டும் ஒதுக்கிவைக்கப்படக்கூடாது என்பது என் நிலைப்பாடு. இரவு நேரக் குப்பை அள்ளலில் பழகிய அந்த வழக்கறிஞர் அம்மையாரும் இதே கருத்துடையவர். திட்டம் பற்றிய கூட்டங்கள் மாலையில்தான் நடக்கின்றன. வண்டி தாமதமாகாமல் வந்தால், நாங்கள் இருவரும் ஒலிவாங்கிக்கு முன் வரிசையில் நிற்போம்.